சோங்கு மாற்றுகிறவர்

அவரை நினைத்தால் முகம் முதலில் வருவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற அந்த நிலைதான் வருகிறது. கியூபெக்கில், சென்ட் லோரன்ட்டில் இரண்டாம் மாடி வாடகை வீடு, நடைவழியின் கோடியில் ஆளுயரக் கண்ணாடி. அதற்கு முன்னால் கால்களை அகட்டி நின்று, கண்களை இறுக மூடி, ஒரே வீச்சில் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோவார். பிறகு கண்ணைத் திறந்து கண்ணாடியில் பார்ப்பார். முகம் சுருங்கும். "இல்லை அண்ணை, பொருந்தேல்லை" என்று சொல்லிவிட்டுச் சமையலறை மேசைக்குத் திரும்பி, நீளமான திருப்புளியைக் கையில் எடுத்துவிடுவார். எனக்கு முன்னால் இடியாப்பம் ஆறிக்கொண்டிருக்கும்.

தோட்டா இல்லாத துப்பாக்கிதான். தொடும் ஒவ்வொரு முறையும் பம்பைப் பின்னால் இழுத்து உள்ளே வெறுமையா என்று இரண்டு தடவை பார்ப்பார், என்னையும் எட்டிப் பார்க்கச் சொல்வார். அதில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் எனக்குக் கால் ஆட ஆரம்பித்துவிடும். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தேநீரைக்கூட நின்றுகொண்டே குடிப்பார், கண் மட்டும் மேசையில் கிடக்கும் உதிரிப் பாகங்களில் இருக்கும்.

நாங்கள் இருவரும் ஒரே விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்தோம். நான் மாடியில் வரைபடம் போடுகிற பொறியாளன். அவர் கீழே, வெட்டி வரும் உலோகத் துண்டுகளின் கூரிய விளிம்புகளைத் தேய்த்து மழுக்குகிற பிரிவில். நான் சென்னைக்காரன், புறநகரான புரோசார்ட்டில் வீடு. அவர் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். எங்களைச் சேர்த்து வைத்தது என் கையெழுத்து. அந்த நாளில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால், இவரை எனக்குத் தெரியும் என்று ஒரு மருத்துவரோ பொறியாளரோ வக்கீலோ கையெழுத்துப் போட வேண்டும். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு அப்படிப்பட்ட ஆள் எளிதில் கிடைக்கமாட்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் புகைப்படத்தோடு என் வீட்டு மணியை அடிப்பார். எனக்கும் உள்ளூர ஒரு பெருமைதான். இதற்கென்றே மை ஊற்றுகிற பேனா ஒன்று வாங்கி வைத்திருந்தேன். இவருடைய மகளின் பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போடப் போனபோதுதான் சமையலறை மேசையில் துப்பாக்கியை முதன்முதலாகப் பார்த்தேன். உட்காரப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை, வாத்துச் சுடுறதுக்கு. பேப்பர் எல்லாம் இருக்கு" என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கியூபெக்காரரிடம் முறைப்படி வாங்கியது.

அவர் வீட்டில் கடையில் வாங்கிய வடிவத்தில் எந்தப் பொருளும் இருக்காது. பனி அள்ளும் சவளின் காம்பை ஒரு சாண் வெட்டியிருப்பார். காரின் ஆசனத்துக்கு அடியில் மரப்பலகை. குளிர் அங்கியின் கையை உள்ளே மடித்துத் தைத்தது அவரே. தொழிற்சாலையில் அவர் நிற்கும் இடத்தில் ஒரு மேடை கிடக்கும், அதன் உயரம் மாதத்துக்கு ஒன்றாக இருக்கும். "இஞ்சத்தைச் சாமான் எல்லாம் ஆறடி ஆளுக்குச் செய்தது. நாங்கள்தான் வெட்டிக் கொத்தி எடுக்கோணும்" என்பார். வெட்டிக் கொத்தி எடுத்த பிறகாவது நிம்மதியாக இருக்கிறாரா என்றால் அதுவும் இல்லை. வெட்டிய காம்பை அடுத்த குளிர்காலத்தில் மறுபடி ஒட்டுப்போட்டு நீட்டுவார். அவர் மனைவி அடுப்படியிலிருந்து சொல்வார்: "இவருக்கு ஒண்டும் அளவாயிராது. இந்த வீட்டிலை மாத்தாமல் கிடக்கிறது நான் ஒருத்திதான்." அதைக் கேட்டு இவருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

ஆனால் மற்றவை எல்லாம் ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கம். தோளில் அண்டுகிற பின்கட்டைக்கு அவர்கள் ஊரில் சோங்கு என்று பெயர். அந்தச் சொல்லை நான் அவரிடம்தான் கற்றேன். சோங்கை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தபாலில் வரும் விலைப்பட்டியல் புத்தகத்தை, என் மாமியார் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல, விரலை வைத்து வரி வரியாகப் பார்ப்பார். துப்பாக்கியோடு வந்தது வால்நட் மரச் சோங்கு. அதற்குப் பிறகு கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒன்று வந்தது. பெருவிரல் நுழைய நடுவில் ஓட்டை போட்ட மாதிரி இன்னொன்று. கைத்துப்பாக்கிபோலப் பிடி இறங்கிய ஒன்று. கடைசியாக, பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் என்று போட்டிருந்த குட்டைச் சோங்கு. எல்லாவற்றையும் மகளின் பழைய போர்வைகளில் சுற்றி அலமாரிக்குள் அடுக்கியிருந்தார்.

குட்டைச் சோங்கு வந்த அன்று நான் கிண்டல் செய்தேன். "என்னங்க, பொண்ணுக்கு வாங்கினதா?"

"சிரியுங்கோ, சிரியுங்கோ. இதுதான் இப்போதைக்குக் கிட்ட வந்திருக்கு."

எதற்குக் கிட்ட என்று நான் கேட்கவில்லை. பொறியாளன் அல்லவா, உபதேசம் செய்யத்தான் வாய் துடித்தது. முழங்கையை மடக்கி, மடக்கிய இடத்திலிருந்து சுட்டுவிரல் வரைக்கும் அளந்தால் சோங்கின் நீளம் வந்துவிடும், குளிர் அங்கி போட்டால் அதில் ஓர் அங்குலம் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு, இதற்கு ஏன் ஐந்து சோங்கு என்றேன். எங்கோ ஒரு பத்திரிகையில் படித்தது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அது எல்லாருக்கும் சொல்லுற அளவு அண்ணை. எனக்கு வேண்டியது வேறை."

முன்பிடியும் அப்படித்தான். இடது கை பிடித்துப் பம்பை முன்னும் பின்னும் இழுக்கிற பகுதி அது. வரி வரியாகப் பள்ளம் போட்டது, ரப்பர் உறை போட்டது, முன்னால் கொஞ்சம் நீண்டது என்று மூன்று வைத்திருந்தார். கைக்கு வழுக்காமல் இருக்க என்றுதான் நான் நினைத்தேன். அவர் சொன்ன காரணம் வேறு. "கை முன்னாலை போனா உடம்பு திரும்பும். உடம்பு திரும்பினா சோங்கு இடிக்கிற இடம் மாறும்." சொல்லிக்கொண்டே என்னை எழுப்பி, வெறும் கையால் துப்பாக்கி பிடிக்கிற மாதிரி நிற்கச் சொல்லி, என் தோளில் இரண்டு விரலை வைத்து அழுத்திக் காட்டினார். அவருடைய விரல்கள் உலோகம் தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப் போனவை.

ஒரு முறை அவரோடு வேட்டைச் சாமான் கடைக்கும் போயிருக்கிறேன். கடைக்காரக் கிழவர் இவரைக் கண்டதும் "பொன்ஷூர்" சொல்லிவிட்டு, மறுபடியும் நீயா என்பதுபோலக் கையை விரித்தார். சோங்கு நிற்க வேண்டிய இடம் தோள் எலும்புக்குக் கீழே இருக்கும் இந்தப் பள்ளம்தான் என்று தன் மார்பைத் தட்டிப் பிரெஞ்சில் விளக்கினார். "எலும்புக்கு மேலே பட வேண்டுமென்றால் எது வாங்க வேண்டும்?" என்று இவர் கேட்டார். கிழவர் சிரித்தார். அங்கே பட்டால் எலும்பு போய்விடும், எவனும் அங்கே வைத்துச் சுடமாட்டான் என்றார். இவர் சிரிக்கவில்லை. "எவனும் வைக்க மாட்டானாம்" என்று எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார், ஏதோ முக்கியமான செய்தி கிடைத்ததுபோல.

எனக்குள் சந்தேகப் பூச்சி ஊர ஆரம்பித்தது அந்தக் கோடையில்தான். நகரத்துக்கு வடக்கே ஒரு மணி நேரத் தூரத்தில், சுட்டுப் பழகுகிற ஒரு மைதானம். சும்மா வாருங்கள் என்றார், போனேன். சனிக்கிழமை காலை, நல்ல வெயில். ஐந்து முறை சுட்டார். துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டுக் காருக்கு நடந்தார். சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றி, குனிந்து, பக்கக் கண்ணாடியில் தன் வலது தோளைப் பார்த்தார். விரல்களைச் சேர்த்து வைத்து எதையோ அளந்தார். பிறகு வந்து சோங்கை மாற்றி, மறுபடி ஐந்து. மறுபடி கண்ணாடி. கொண்டுவந்திருந்த மூன்று சோங்குகளுக்கும் இதே கதை.

குறி வைத்த காகிதம் எட்ட நின்றது. கிளம்பும்வரை அவர் அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் போய் அதைக் கழற்றிக்கொண்டு வந்தேன். குண்டு எங்கே போனது என்று கவலைப்படாமல் சுடுகிற ஒருவரோடு காரில் திரும்பி வருகிறோம் என்ற நினைப்பு வழியெல்லாம் என்னை உறுத்தியது.

அந்தச் சமயத்தில்தான் புதுச் சட்டம் வந்தது. வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் புதிதாக அனுமதி எடுக்க வேண்டும். படிவத்தில் மனைவியின் கையெழுத்துக்கு ஓர் இடம். பல வருடம் பழகியவர்கள், இவரிடம் துப்பாக்கி இருப்பதால் ஆபத்தில்லை என்று உறுதி சொல்வதற்கு வேறு இடம். அவர் படிவத்தை ஓர் உறையில் போட்டு என்னிடம் தந்தார்.

வீட்டில் மேசை மேல் வைத்தேன். என் மனைவி படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள். "பாஸ்போர்ட்டுக்குப் போடறது வேற, துப்பாக்கிக்குப் போடறது வேற. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா போலீஸ் நம்ம வீட்டுக்குத்தான் வரும். அவர் அங்க என்னவா இருந்தாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அதுதான் உண்மை. அந்த வருடங்களில் எங்களைப் போன்ற தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இலங்கைத் தமிழர் என்றால் பாவம் என்று ஒரு பக்கம் தோன்றும், இவர் ஆயுதம் எடுத்த இயக்கம் எதிலாவது இருந்தவரோ என்று இன்னொரு பக்கம் தோன்றும். வெளியே சொல்லமாட்டோம். நானும் சொல்லாமல் நாளைக் கடத்தினேன். தொழிற்சாலையில் அவர் பிரிவைத் தாண்டிப் போகாமல் சுற்றுவழியில் உணவகத்துக்குப் போனேன். அவர் என்னைப் பிடித்துவிடுவார். "அண்ணை, அந்தப் பேப்பர்?" இந்த வாரம் என்பேன். அவருக்கு அவசரம். புதிதாக ஒரு பாகத்துக்குச் சொல்லியிருந்தார். சோங்கின் அடியில் பூட்டுகிற தகடு, மேலும் கீழும் நகர்த்தலாமாம். அது வந்து சேரும்போது துப்பாக்கி கையில் இருக்க வேண்டும். "கடைசி அண்ணை. இதோட முடிஞ்சுது" என்றார். என்ன முடிந்தது என்று எனக்கு விளங்கவில்லை, பயம்தான் கூடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் பூசை முடிந்து வந்திருக்கும் நேரம் பார்த்து, படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். மகள் ஞானோபதேச வகுப்பில் இருந்தாள். மனைவி மீன் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை எடுத்து வைத்தேன், மூடியைக் கழற்றவில்லை.

"ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அங்க இருக்கும்போது எதுலயாவது இருந்தீங்களா? துப்பாக்கி பிடிச்சிருக்கீங்களா?"

அவர் கை கழுத்துப் பொத்தானுக்குப் போனது. பூசைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டை. ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றி, வலது தோளிலிருந்து சட்டையை இறக்கி, வெளிச்சம் படும்படி ஜன்னல் பக்கம் திரும்பினார். இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்று அகற்றி வைத்துக்கொண்டார். முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டார், நான் நன்றாகப் பார்க்க வசதியாக. பலமுறை பழகினவர் செய்கிற மாதிரி, வரிசை தப்பாமல் செய்தார்.

"பாருங்கோ."

"ஐயோ, நான் அதுக்குக் கேக்கலீங்க" என்றேன்.

மனைவி கரண்டியோடு வந்து நின்றார். "சேட்டைப் போடுங்கோ. அவர் என்ன ஆமிக்காரனே?" ராணுவத்தைத்தான் அவர்கள் ஆமி என்பார்கள்.

அவர் போடவில்லை. தோளின் மேல் விளிம்பில், கழுத்துக்குப் பக்கத்தில், தோல் தடித்துக் கறுத்திருந்தது. அதை ஒட்டி எலும்பு கோணலாகப் பொருந்தி முண்டாக நின்றது. இவை இரண்டுக்கும் கீழே, மார்புப் பக்கம், மஞ்சளாக மங்கிக்கொண்டிருக்கும் ஒரு கன்றல். அது போன வாரம் சுட்டது.

"மேலை கிடக்கிறது பெட்டித் தழும்பு அண்ணை" என்றார். "கடற்கரை வாடியிலை மீன்பெட்டி சுமந்தனான், பதினாறு வயசிலை இருந்து. பாலத்தடியிலை ஆமி மறிச்சு எங்கடை பெடியளின்ரை சேட்டைக் கழட்டிப் பாப்பான். வலது தோளிலை சோங்கு இடிச்ச அடையாளம் இருந்தா இயக்கம். என்ரையைப் பாத்தவுடனை வாகனத்திலை ஏத்திக் கொண்டுபோனவங்கள். பதினொரு நாள். துவக்கை நான் தொட்டும் பாத்ததில்லை."

அந்தப் பதினொரு நாளைப் பற்றி வேறு எதுவும் அவர் சொல்லவில்லை. கோணல் எலும்பின் மேல் ஒரு விரலை வைத்து எடுத்தார், அவ்வளவுதான்.

"அப்போ இது எதுக்குங்க? இத்தனை சோங்கு எதுக்கு?"

"தெரிஞ்சு அடிச்சவங்களோ, பிழையா அடிச்சவங்களோ எண்டு அறியத்தான்." இப்போது அவர் குரலில் பரபரப்பு ஏறிவிட்டது. அலமாரியைத் திறந்து போர்வைகளை எடுத்து மேசையில் வைத்தார். "ஏதோ ஒரு சோங்கு இந்த இடத்திலை இடிக்குமெண்டா, அவங்கள் பிழையா நினைச்சிட்டாங்கள். பிழை ஆருக்கும் வரும் அண்ணை. நான் அதோட விட்டிடுவன். மரச் சோங்கு நாலு விரல் கீழை இடிச்சுது. கறுப்பு மூண்டரை. இந்தக் குட்டை ரெண்டு விரல்தான் வித்தியாசம். முன்பிடியைத் தள்ளிப் பிடிச்சா இன்னும் அரை விரல் மேலை வரும். இனி வாற தகட்டை மேலை ஏத்திப் பூட்டினா சரியா இந்த இடத்துக்கு வரும். வரோணும்."

அந்த எலும்பின் மேல் இன்னொரு முறை இடி வாங்கத் தயாராக இருந்தார். அடித்தவர்களை மன்னித்து விட்டுவிட ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். பேனாவின் மூடியைக் கழற்றினேன். இப்படிப்பட்ட மனிதருக்குக் கையெழுத்துப் போடாமல் வேறு யாருக்குப் போடுவது என்று நினைத்தேன்.

"போடாதேங்கோ அண்ணை" என்றார் அவர் மனைவி.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கரண்டி இன்னும் கையில் இருந்தது. அவர் என்னைப் பார்த்துப் பேசினார், கணவரைப் பார்க்கவில்லை.

"பெட்டியை நான் கொண்டுபோனனான். இவரைப் பிடிச்சு வைச்சிருந்த ஆமிக் காம்புக்கு. இவர் சுமக்கிற அதே பெட்டி. வாசலிலை நிண்டு, இதின்ரை தழும்புதான், பாருங்கோ எண்டு கத்தினன். உள்ளுக்கை விட்டவங்கள். பெரியவன் ஒருத்தன் வந்து, ஒரு ஆமிப் பெடியனைக் கூப்பிட்டு, பெட்டியைத் தோளிலை வைக்கச் சொன்னவன். பெட்டிக் கரையிலை இருக்கிற தகரப் பட்டி எங்கை இருக்குதெண்டு விரல் வைச்சுப் பாத்தவன். சரியா அந்த இடம். பிறகு சிரிச்சவன். சரி, நீ போ எண்டு தமிழிலை சொன்னவன். பின்னேரம் விடுவாங்கள் எண்டு நினைச்சு நான் வீட்டை வந்து சமைச்சு வைச்சன்."

ஜன்னலுக்குக் கீழே பேருந்து ஒன்று நின்று கிளம்பிப் போனது. அவர் சட்டை பாதி இறங்கியபடியே நின்றார். நான் அறிந்த நாளிலிருந்து முதல்முறையாக அவர் உடம்பில் எதுவும் அசையவில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா என்ன செய்திருப்பீங்கள்? அப்ப உங்களுக்கு இருபத்திமூண்டு வயசு. நேரை இயக்கத்துக்குத்தான் போயிருப்பீங்கள். இஞ்ச வந்தாப்பிறகு, பிழையாய்த்தான் பிடிச்சவங்கள் எண்டு நீங்களே சொல்லத் தொடங்கினீங்கள். அது உங்களுக்கு ஒரு ஆறுதலெண்டு நானும் விட்டிட்டன்." கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தார். "இப்ப எலும்பிலை வைச்சுச் சுடப் போறீங்கள். இனியும் என்னாலை பேசாமல் இருக்கேலாது."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"எத்தினையாம் நாள் கொண்டுபோனனி?"

"ரெண்டாம் நாள் காலமை."

தலையை ஆட்டினார். என் பக்கம் திரும்பி, தொழிற்சாலையில் ஓர் அளவைச் சொல்கிற குரலில் சொன்னார்: "எலும்பை முறிச்சது அஞ்சாம் நாள்."

படிவத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி உறைக்குள் வைத்தார். இனித் தேவையில்லை என்றார். இரண்டு நாள் கழித்து, தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்து சோங்குகளையும் மூன்று முன்பிடிகளையும் போர்வைகளோடு கொண்டுவந்திருந்தார். அவற்றைக் கொடுக்க வேண்டியதில்லை, இரும்பு மட்டும் போதும் என்றாள் அந்தப் பெண் அதிகாரி. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். அவள் தோளைக் குலுக்கிவிட்டு வாங்கி வைத்தாள்.

திரும்பி வரும்போது டெக்காரி நெடுஞ்சாலையில் வண்டிகள் நின்றுவிட்டன. மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. அரை மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் அவர்கள் டொரொண்டோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அதற்குப் பிறகும் பல பேருடைய படிவங்களில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அவரிடம் மட்டும்தான் கேட்டேன். நான் கேட்ட உடனேயே அவர் கை பொத்தானுக்குப் போய்விட்டது.